அந்த நாளை ஆசரிப்போம்

(ஆலய ஸ்தோத்திரப் பண்டிகையின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்முடைய ஆலயத்தில் ஞாயிறு காணிக்கை எடுத்து முடிந்ததும் ஆயர் சில உறைகளைக் கையில் எடுத்து வாசிப்பார். இன்னாருடைய பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, இன்னார் தம்பதியரின் திருமண நாள், மகள் பிளஸ் டூ தேறியதற்காக, அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, புது வீடு பால் காய்ச்சியதற்காக. சபையார் எல்லாரும் அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்லுவோம். அருமையான பழக்கம். அடுத்த வீட்டுக்காரருடைய சந்தோஷம் என்ன என்பது அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பல பேருக்குத் தெரியவருகிறது.

ஆனால் எத்தனையோ வருஷமாக அந்த உறைகளைக் கேட்டு வருகிற எனக்கு ஒரு குறை. "ஆண்டவர் என்னை இரட்சித்த நாளுக்காக" என்று எழுதிய உறையை நான் கேட்ட ஞாபகமே இல்லை. நம்மில் நிறையப் பேருக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது. கன்வென்ஷன் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கர்த்தர் தொட்ட இரவு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக அழுது ஜெபித்த விடியற்காலை, விடுதி அறையில் நண்பன் வேதத்தைத் திறந்து வைத்துப் பேசின சாயங்காலம். சாட்சி சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்லுவார்கள். அந்தத் தேதி வந்து போகும்போது மட்டும் அது எல்லா நாளையும்போல ஒரு நாளாகப் போய்விடுகிறது. வண்டி வாங்கின நாளுக்கு உண்டான மரியாதைகூட அதற்கு இல்லை.

அந்த நாளை ஆண்டுதோறும் ஆசரிக்கவேண்டும் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்ளத்தான் இன்றைக்கு நான் நிற்கிறேன்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த பழக்கம் என்று நினைக்கவேண்டாம். எகிப்தைவிட்டுப் புறப்படுவதற்கு முன்னாலேயே, இன்னும் விடுதலை கைக்கு வராதபோதே, அந்த நாளை எப்படி நினைவுகூரவேண்டும் என்று கர்த்தர் இஸ்ரவேலருக்குச் சொல்லிவிட்டார். அந்த மாதமே அவர்களுக்கு வருஷத்தின் முதல் மாதம் ஆயிற்று. காலண்டரே மாறிப்போயிற்று! யாத்திராகமம் 12, 13 அதிகாரங்களைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பலியைக் காட்டிலும் என் மனதைத் தொடுவது அங்கே வருகிற பிள்ளையின் கேள்விதான். புளிப்பில்லாத அப்பமும் கசப்பான கீரையும் பந்தியில் இருக்கும். பிள்ளை பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கும். அப்போது தகப்பன் பதில் சொல்லவேண்டும். பிள்ளை கேட்கும்படியாக ஏதாவது ஒன்று வீட்டில் நடக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒன்றுமே நடக்காத வீட்டில் பிள்ளை எதைப் பார்த்துக் கேட்கும்?

புதிய ஏற்பாட்டுக்கு வாருங்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டு சீஷர்கள் இயேசுவின் பின்னாலே போய், அவர் தங்கியிருந்த இடத்தைப் பார்த்து, அன்றைக்கு அவரோடே தங்குகிறார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனால் அப்போது ஏறக்குறையப் பத்தாம் மணி வேளை என்று எழுதியிருக்கிறது. சாயங்காலம் நாலு மணி. முதன்முதலாக இயேசுவைச் சந்தித்த மணி மட்டும் அவர்கள் மனதில் அழியாமல் நின்றிருக்கிறது. பவுலும் அப்படியே. தமஸ்கு வழியில் தனக்கு நேர்ந்ததை அவர் தம் வாயாலே இரண்டு முறை சொல்லுகிறார்: எருசலேமில் கொலைவெறியோடு நின்ற ஜனக்கூட்டத்துக்கு முன் ஒரு முறை, செசரியாவில் அகிரிப்பா ராஜாவுக்கு முன் ஒரு முறை. இரண்டு முறையும் மத்தியான வேளை என்பதை விடாமல் சொல்லுகிறார். திருச்சபை தன் பங்குக்கு ஜனவரி 25ஆம் தேதியைப் பவுல் மனந்திரும்பிய திருநாளாகவே வைத்திருக்கிறது. ஒரு மனுஷன் இரட்சிக்கப்பட்ட நாளைத் திருச்சபை முழுவதுமாகக் கொண்டாடலாம் என்றால், நாம் நம்முடையதை நம் வீட்டில் கொண்டாடக் கூச்சப்படவேண்டியதில்லை.

இப்போது ஒரு மனிதரைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அமேஸிங் கிரேஸ் என்ற பாட்டைத் தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். அதை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றித்தான்.

1748ஆம் ஆண்டு மார்ச் மாதம். நியூட்டனுக்கு 22 வயது. கிரேஹவுண்ட் என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏழு வயது நிரம்புவதற்கு முன்னே தாயை இழந்தவர். அந்தத் தாய் மடியில் வைத்து வேதமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளை வளர்ந்து மாலுமியாகி, தேவனே இல்லை என்று சொல்லுகிறவராக, தூஷணம் பேசுவதில் மாலுமிகளையே கூசவைக்கிறவராக ஆகிவிட்டார். 9ஆம் தேதி கையில் அகப்பட்ட புத்தகத்தைப் பொழுதுபோக்காகப் புரட்டினார். அது தாமஸ் அ கெம்பிஸ் எழுதிய பக்திநூல். இதெல்லாம் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வந்தது. அது பிடிக்காமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

அன்று இரவு கடல் அடித்த அடியில் விழித்தார். படுத்திருந்த அறைக்குள்ளேயே தண்ணீர். கப்பல் மூழ்குகிறது என்று மேலே சத்தம். ஏணியில் ஏறும்போது கேப்டன் எதிர்ப்பட்டு, ஒரு கத்தி எடுத்து வா என்றார். நியூட்டன் திரும்பினார். அவருக்குப் பதிலாக மேலே ஏறின ஆளை அந்த நொடியே அலை வாரிக்கொண்டு போயிற்று.

கப்பலின் ஒரு பக்கத்து மேல்பலகைகள் பிய்ந்துபோயின. பம்பு ஒரு பக்கம், வாளியும் குடமுமாக ஒரு பக்கம், எல்லாரும் தண்ணீரை இறைத்தார்கள். உடுத்த துணியையும் படுக்கையையும் ஓட்டைகளில் திணித்து மேலே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். ஏற்றியிருந்த சரக்கில் தேன்மெழுகும் சாயமரமும் அதிகம், தண்ணீரைவிட லேசானவை. அதனால்தான் கப்பல் மிதந்தது. ஏதோ ஒரு யோசனையைக் கேப்டனிடம் சொல்லிவிட்டு, இதுவும் உதவாவிட்டால் கர்த்தர்தான் நமக்கு இரங்கவேண்டும் என்று நியூட்டன் வாய்தவறிச் சொன்னார். சொன்ன மறுகணம் அவருக்கே நெஞ்சில் அடித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மனதார இரக்கத்தைக் கேட்ட முதல் வார்த்தை அது. எனக்கு இரக்கம் கிடைக்க என்ன நியாயம் இருக்கிறது என்று அவருடைய மனசாட்சி அவரையே கேட்டது. விடியற்காலை மூன்று மணி முதல் மத்தியானம் வரைக்கும் பம்பு அடித்தார். இனிக் கை அசையாது என்றானபோது சுக்கான் பிடிக்கப் போனார். அங்கே நின்ற மணிக்கணக்கான நேரத்தில்தான் அம்மா சொல்லிக்கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் கப்பலில் தண்ணீர் வடிந்தது என்று கேட்டபோது, இதில் தேவனுடைய கை இருக்கிறது என்று நினைத்து ஜெபிக்கத் தொடங்கினார். ஏப்ரல் 8ஆம் தேதி அயர்லாந்தின் ஒரு கடற்கழிக்குள் கப்பல் நுழைந்தபோது, மிச்சமிருந்த கடைசி ஆகாரம் பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. நியூட்டன் அந்த மார்ச் 10ஆம் தேதியை அதன்பின் ஒரு வருஷமும் சும்மா விடவில்லை. 1752இல் இங்கிலாந்து பழைய காலண்டரை விட்டுப் புதிய காலண்டருக்கு மாறியது. செப்டம்பரில் 11 நாட்கள் ஒரேயடியாகக் கழிக்கப்பட்டன. நியூட்டன் கணக்குப் போட்டுத் தம் நாளை மார்ச் 21க்கு மாற்றிக்கொண்டார். பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் சூரியனுக்குக் கீழே அந்த நாள் எங்கே விழுகிறதோ அங்கேயே அதை ஆசரிக்கவேண்டும் என்று நினைத்தார். 1805 மார்ச் 21ஆம் தேதி அவருக்கு 79 வயது. பார்வை மங்கி, எழுத முடியாத நிலை. அன்றைக்கும் நாட்குறிப்பை எடுத்து, சரியாக எழுத இயலவில்லை என்றாலும் இந்த நாளைத் தாழ்மையோடும் ஜெபத்தோடும் துதியோடும் ஆசரிக்க முயல்கிறேன் என்ற பொருள்பட எழுதினார். அந்த நாட்குறிப்பில் அதுவே கடைசிக் குறிப்பு. 57 வருஷம்!

அருமையானவர்களே, கசப்பான ஒரு காரியத்தையும் இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். 1748இல் மனந்திரும்பிய இந்த மனிதர், 1750 முதல் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தார். ஒரு முறை அல்ல, மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனுஷரும் மனுஷிகளும் சங்கிலியில் கிடப்பார்கள். 1751ஆம் வருஷம் அவருடைய நாள் வந்தபோது கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் ஆட்களை வாங்கிக்கொண்டு நின்றது. கிருபையை நினைத்து நன்றி சொல்லுகிற கண்ணுக்குக் காலடியில் கிடந்தவர்கள் தெரியவில்லை. அந்தத் தொழிலை அவர் விட்டதற்கும் முதல் காரணம் உடல்நலக்குறைவுதான்.

பிறகு 1764இல் ஆல்னி என்ற ஊரில் குருவானவரானார். 1773 புத்தாண்டு நாளில் அந்தப் புகழ்பெற்ற பாட்டு அந்தச் சபைக்கு முன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 15 வருஷம் கழித்துத்தான், 1788இல், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைக் குறித்த சிறுநூலை வெளியிட்டார். நானே அதைச் செய்தேன், வெட்கத்தோடு பகிரங்கமாக அறிக்கையிடுகிறேன், ஆனால் நடந்த கேட்டைச் சரிசெய்ய இந்த அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்ற கருத்தில் அதில் எழுதினார். பாராளுமன்றக் குழு முன்பாகவும் சாட்சி சொன்னார். பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் அரசியலில் நின்று அந்த வியாபாரத்தை எதிர்க்கத் துணிந்ததில் நியூட்டனுடைய ஆலோசனைக்குப் பங்கு உண்டு. 1807 மார்ச்சில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் காலமானார்.

1748க்கும் 1788க்கும் நடுவே 40 வருஷம். 22 வயது வாலிபன் கப்பலில் நின்று தன் தூஷண வாயை மட்டும்தான் பாவமாகக் கண்டான். 62 வயதுக் கிழவர் அதே நாளைத் திரும்பிப் பார்த்தபோது, தன்னால் விற்கப்பட்ட மனுஷரின் முகங்களைக் கண்டார். நாள் ஒன்றுதான், பார்க்கிற கண் வளர்ந்திருக்கிறது. அவர் 1748இல் தாம் முழுமையான விசுவாசி ஆகவில்லை, அது வெகுகாலத்துக்குப் பிறகுதான் என்று தாமே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் அந்த நாளை விடவில்லை. எதிலிருந்து இரட்சிக்கப்பட்டோம் என்பது இரட்சிக்கப்பட்ட அன்றைக்கே நமக்கு முழுவதும் தெரிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அந்த இடத்துக்குப் போய் நின்று பார்க்கிறவனுக்குத்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தெரிகிறது. இந்த நாளை ஆசரிக்கச் சொல்லி நான் உங்களிடம் கெஞ்சுவது முக்கியமாக இதற்காகத்தான். சாதியின் பேரால், வரதட்சிணையின் பேரால், வீட்டில் வேலை செய்கிறவளுக்குத் தனி டம்ளர் வைத்ததின் பேரால் நம் கீழ்த்தளத்தில் யார் கிடக்கிறார்கள் என்று பார்க்க நமக்கும் ஒரு மார்ச் 21 வேண்டும்.

அடுத்து சார்ல்ஸ் வெஸ்லி. ஜான் வெஸ்லியின் தம்பி. 1738 மே மாதம் லண்டனில் பிரே என்ற பித்தளை வேலைக்காரர் வீட்டில் நோயாளியாகப் படுத்துக்கிடந்தார். சார்ல்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். பிரே அதிகம் படிக்காத தொழிலாளி. ஆனாலும் கிறிஸ்துவை அறிந்த மனுஷன் என்பதற்காக அவர் வீட்டில் போய்த் தங்கினார். மே 21, பெந்தெகொஸ்தே ஞாயிறு. பிரேயின் சகோதரி, படுத்திருந்தவரைப் பார்த்து, நாசரேயனாகிய இயேசுவின் நாமத்தில் எழுந்திரும், விசுவாசியும் என்ற பொருளில் சொன்னார். அந்த அம்மாளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த வார்த்தையில்தான் சார்ல்ஸுக்குச் சமாதானம் வந்தது. மூன்றாம் நாள், மே 24 இரவு, அண்ணன் ஜானுக்கும் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில் அதே அனுபவம். நண்பர்கள் ஜானை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குத் தம்பியின் அறைக்கு ஓடிவந்தார்கள். எல்லாருமாகப் பாடினார்கள்.

ஒரு வருஷம் கழிந்தது. 1739 மே 21 நெருங்கியபோது சார்ல்ஸ் அந்த நாளுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். 18 சரணங்கள். ஒருவர் மனந்திரும்பிய நாளின் ஆண்டு நிறைவுக்கு என்பதுதான் அச்சில் அதற்கு இட்ட தலைப்பு. ஆயிரம் நாவுகள் வேண்டும் என்று தொடங்கும் பாட்டாக உலகமெங்கும் இன்று அறியப்படுவது அதுவே. ஆனால் அந்தப் புகழ்பெற்ற தொடக்கம் மூலத்தில் ஏழாம் சரணம். முதல் ஆறு சரணங்களில்தான் அந்த நாளைப் பற்றிய பேச்சு இருக்கிறது. சபைப் பாட்டுக்கு அவை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். 1780இல் மெத்தடிஸ்டுகளின் பாட்டுப்புத்தகத்தில் அது முதல் பாட்டாக வைக்கப்பட்டது. ஒரு தனி மனிதர் தம் ஆண்டு நிறைவுக்கு எழுதியது, கோடிக்கணக்கானவர்களின் ஆராதனைப் பாட்டாயிற்று. மூலத்தின் பின்பகுதியில் சார்ல்ஸ் தம்மைவிட்டு வெளியே வந்து, ஊரார் ஒதுக்கிவைத்த பாவிகளையெல்லாம் வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். தன் நாளை நினைத்து உட்கார்ந்தவர் மற்றவர்களைக் கூப்பிட எழுந்துவிட்டார். நல்ல ஆசரிப்புக்கு இதைவிட அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாருக்கும் பாட வராது. சிலர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். அவர்களும் வருத்தப்படவேண்டாம். பிரெஞ்சு கணித மேதை பிளேஸ் பாஸ்கல், கத்தோலிக்கர், 1654 நவம்பர் 23 இரவு ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரைக்கும் தேவனுடைய சமுகத்தை அக்கினியாக உணர்ந்தார். தேதி, கிழமை, யாருடைய திருநாள், எத்தனை மணி என்று பத்திரம் எழுதுவதுபோல ஒரு தாளில் எழுதிவைத்தார். தோல்தாளிலும் ஒரு படி எழுதினார். இரண்டையும் தம் மேலங்கியின் உட்பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அங்கி மாற்றும்போதெல்லாம் பிரித்து எடுத்து அடுத்ததில் தைப்பாராம். யாரிடமும் சொல்லவில்லை. 1662இல் அவர் இறந்த சில நாட்களுக்குப் பிறகு, துணியில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்படுகிறதே என்று வேலைக்காரர் பிரித்துப் பார்த்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் அந்த இரவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார்.

இனி, மனம் நோகக்கூடிய ஒரு காரியம். சில கூட்டங்களில், எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று வாலிபர்களை நிறுத்திக் கேட்கிறார்கள். தேதி சொல்லத் தெரியாவிட்டால் இரட்சிப்பே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஜெபிக்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் ஆண்டவரை நேசிக்கிற பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு முன்னால் கூனிக்குறுகி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் ஒரு தேதியைச் சொல்லித் தப்பித்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. இது அநியாயம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று பவுல் எழுதுகிறார், தேதி கேட்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பெரிய போதகர், தமக்குள் கிருபை எப்போது தொடங்கியது என்று சொல்லமுடியாமல் வெகுகாலம் கலங்கினார். கடைசியில், தேவன் எல்லாருடைய இருதயத்தையும் ஒரே விதமாக உடைப்பதில்லை என்று கண்டு ஆறுதலடைந்தார்.

தேதி தெரிந்தவர்களுக்கும் எல்லாம் அந்த ஒரு நாளிலேயே முடிந்துவிடுவதில்லை. நம் தேசத்துப் பண்டித ரமாபாயை நினையுங்கள். 1883 செப்டம்பர் 29ஆம் தேதி இங்கிலாந்தில் வாண்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். நாள் தெளிவு. ஆனால் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுகொண்டேனே தவிரக் கிறிஸ்துவை அப்போது கண்டுகொள்ளவில்லை என்று தம் சாட்சியில் பின்னாளில் சொன்னார். அது ஏறக்குறைய எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்தது. தேதி தெளிவாக இருந்தும் காரியம் பிறகு நடந்தது. ஜான் வெஸ்லியோ இதற்கு நேர்மாறு. மே 24 இரவு எட்டேமுக்கால் மணி என்று அவ்வளவு துல்லியமாக எழுதியவர், ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4ஆம் தேதி, நான் இன்னும் கிறிஸ்தவனாகவில்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அவ்வளவு வறட்சி அவரையும் வாட்டியிருக்கிறது. ஆகவே தேதியைப் பிடித்துக்கொண்டு யாரும் மேட்டிமை பாராட்டவேண்டாம். தேதி இல்லாததால் யாரும் தலை குனியவும் வேண்டாம். ஆதியில் திருச்சபை ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் கொடுக்கும். பிற்காலத்தில் மேற்கத்திய சபையில், முந்தின வருஷம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதன் ஆண்டு நிறைவைக் கூடிவந்து ஆசரிக்கும் வழக்கம் இருந்தது. தேதி தெரியாத பிள்ளைகள் ஞானஸ்நான நாளை எடுத்துக்கொள்ளட்டும். திடப்படுத்தல் பெற்று முதல் நற்கருணை எடுத்த ஞாயிற்றை எடுத்துக்கொள்ளட்டும். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

எப்படி ஆசரிப்பது? எங்கள் ஊரில் ஒரு பாட்டி இருந்தார். பனையேறியின் மனைவி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அவருடைய வேதாகமத்தின் முதல் ஏட்டில், பிள்ளைகள் பிறந்த தேதியும் கலியாணம் நடந்த தேதியும் இறந்துபோனவர்களுடைய தேதியும் வரிசையாக மை பேனாவில் எழுதியிருக்கும், உபதேசியார் கையெழுத்தில். எல்லாவற்றுக்கும் மேலே, ஓரத்தில், பென்சிலால் அவரே கிறுக்கின ஒரு தேதி இருக்கும். ஒரு பக்கம் சரிந்த பெரிய எழுத்து. வருஷா வருஷம் அந்தத் தேதியில் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கொடுப்பார். இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள் பாட்டி என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டே தீரும். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்ததுபோல அவர் சொல்லத் தொடங்குவார். யாத்திராகமத்தில் அந்தப் பிள்ளை கேட்கிற கேள்வியை நான் படித்துப் புரிந்துகொள்ளும் முன்னே அந்தத் திண்ணையில் பார்த்துவிட்டேன்.

அப்படி எளிமையாகச் செய்யுங்கள். பலகாரம் செய்யுங்கள், ஆனால் கேக் வெட்டி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்தவேண்டாம். உங்களைச் சந்தித்த வேதவசனத்தை அன்று காலை குடும்பமாக வாசியுங்கள். உங்களைக் கர்த்தரிடம் கொண்டுவந்தவர் உயிரோடு இருந்தால் ஒரு போன் செய்யுங்கள். போய்விட்டார் என்றால் அவர் பிள்ளைகளுக்குச் செய்யுங்கள். பிரேயின் சகோதரி போன்ற, பேர் பெறாத மனுஷிகள் எத்தனை பேரை எழுப்பியிருக்கிறார்கள்! அவர்களுக்கு யார் நன்றி சொல்லுகிறார்கள்? ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, இந்த வருஷம் என்னிடத்தில் புதிதாகக் கண்ட பாவம் என்ன, கண்ட கிருபை என்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நியூட்டன் நாட்குறிப்பில் செய்தது அதுதான். யாருக்கு அநியாயம் செய்தோம் என்று அந்தப் பக்கம் காட்டினால், அந்த வருஷத்துக்குள் போய் ஒப்புரவாகுங்கள். முந்தின வருஷம் எழுதியதையும் திருப்பிப் பாருங்கள். அதே பாவம் அங்கேயும் இருக்குமானால் அதை முழங்காலில் நின்று வாசியுங்கள்.

இந்த நன்றி வருஷங்கள் போனாலும் வற்றாது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. நம் நெல்லைச் சீமையின் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். வைணவ வேளாளர் குடும்பம், கம்பனில் ஊறிய புலமை. அதற்காக அவர் விட்டுவந்த உறவுகள் கொஞ்சமல்ல. அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் அச்சில் வந்தது 1894இல். 36 வருஷம்! இரட்சணிய மனோகரத்தை எடுத்தாலும் அதே நன்றியின் ஊற்றுதான் பெருகுகிறது. முதுமை வரைக்கும் அந்த மனிதர் தாம் மீட்கப்பட்டதைச் சொல்லி முடிக்கவில்லை.

ஆகவே, தேதி தெரிந்தவர்கள் இன்றிரவே வேதாகமத்தின் முதல் ஏட்டில் எழுதிவிடுங்கள். மாதம் மட்டும் ஞாபகமிருந்தால் மாதத்தை எழுதுங்கள். ஞானஸ்நான நாள் தெரியாதவர்கள் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவர்களுக்கும் நினைவில்லை என்றால், நம் ஆலயத்துப் பழைய பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆயரிடம் பேசிவிட்டேன், பிறந்த வருஷத்தையும் தகப்பனார் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள், எடுத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.